நீலியின் கண்ணீரும் சாட்சிக் கூண்டும்

மானகிரியை அடுத்த காரைக்குடியில் 1939 முதல் கம்பன் விழா நடைபெற்று வருகிறது. கம்பன் காவியத்தில் இராமனின் அம்பு முதலில் வீழ்த்துவது தாடகை என்னும் பெண்ணை. கணவன் சுந்தன் அகத்தியரால் அழிந்தபின், பழிதீர்க்கச் சென்று சாபத்தால் அரக்கியானவள் அவள். பெண்ணைக் கொல்வதா என இராமன் தயங்குகிறான். அவளது கொடுமைகளை அடுக்கும் விசுவாமித்திரர், இவளைப் பெண்ணாகவே கருதலாகாது என்கிறார். தயக்கம் தீர்கிறது. வழக்கறிஞர்களாகிய நம்மை உறுத்துவது அந்த இரண்டாவது வாதமே. கொடுமைகள் குற்றத்தைக் காட்டப் போதும். பெண் அல்லள் என்பது பாதுகாப்பைப் பறிப்பதற்காகச் சொல்லப்படுவது.

இதனினும் கூர்மையானது திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியின் கதை. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் தன் கணவன் எனச் சொல்லி ஊரார்முன் அழுகிறாள். அவனது உயிருக்குப் பொறுப்பேற்ற வேளாளர் எழுபதின்மர், அவள் அவனைக் கொன்றதும் வாக்குத் தவறாது தீப்பாய்ந்தனர். சைவ மரபு அந்த எழுபதின்மரைப் போற்றியது. தமிழ் வழக்கோ ‘நீலிக்கண்ணீர்’ என்ற சொல்லைக் காத்து வைத்தது. பொய்யழுகைக்குப் பெயராக நின்றது கொலையுண்டவளின் அழுகை! முதற்கொலை செய்தவன் பெயரில் ஒரு சொல்கூட இல்லை.

எல்லோரும் அவளை அவ்வாறு நினைவுகூரவில்லை. தென்மாவட்டங்களில் இதே கதை இசக்கியின் கதையாகச் சொல்லப்பட்டு, அவள் தெய்வமாக வணங்கப்படுகிறாள். சமணரின் ‘நீலகேசி’யிலோ நீலி துறவியிடம் அறம் கேட்டுப் பௌத்தர், வைதிகர் முதலானோரை வாதில் வெல்கிறாள். பேய்க்கு வாதிடும் உரிமை தந்த காப்பியம் என்பதாலேயே அது கல்லூரிகளில் மேலும் படிக்கப்பட வேண்டும் என்போம்.

நீலியின் நிழல் நீதிமன்றத்திலும் உண்டு. பாலியல் வன்புணர்வுக்கு உள்ளான பெண்ணை ‘ஒழுக்கமற்றவள்’ எனக் காட்டி அவளது சாட்சியத்தை மறுக்க 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வழிவிட்டது. அவ்விதி 2003இல்தான் நீங்கியது. இராஜஸ்தானின் பன்வாரி தேவி வழக்கில், உயர்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தீண்டியிருக்க மாட்டார்கள் என்னும் போக்கில் 1995இல் விடுதலைத் தீர்ப்பு வந்தது. அங்கே அவளது சொல்லின் மதிப்பைச் சாதியே அளந்தது.

குறுக்கு விசாரணையில் ‘நீலிக்கண்ணீர்’ என்ற ஏளனம் எழுந்தால் உடனே ஆட்சேபிக்க வேண்டும். இழிவுபடுத்தும் நோக்குடைய கேள்விகளை நீதிமன்றம் தடுக்க வேண்டும் என்கிறது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023இன் 155ஆவது பிரிவு. ஆட்சேபணையை எழுத்தில் பதிவு செய்யக் கோருங்கள். மேல்முறையீட்டில் அது உதவும்.