வெறுங்கோப்பையில் தேநீர்

ஒன்றரை வயதுக் குழந்தை வெறுங்கோப்பையை வாயில் வைத்து உறிஞ்சும் ஒலியெழுப்பிவிட்டு, நம்மிடமும் அதை நீட்டும். 'இதில் ஒன்றும் இல்லையே' என்று சொல்லிவிடாதீர்கள், வாங்கிக் குடியுங்கள். இல்லாத ஒன்றை இருப்பதாக மனத்தில் நிறுத்தவும், அதைப் பிறரோடு பகிரவும் அக்குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது.

இதனால்தான், காய்ச்சலுக்காக வந்தாலும், "பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறதா? எதையாவது காதில் வைத்துப் பேசுவதுபோல் நடிக்கிறதா?" என்று நாங்கள் வினவுகிறோம். பாவனை விளையாட்டு, எடையையும் உயரத்தையும் போலவே வளர்ச்சியின் அளவுகோல். முதலில் குழந்தை தானே உண்பதாக, உறங்குவதாக நடிக்கும். இரண்டு வயதையொட்டிப் பொம்மையை உறங்க வைக்கும். மூன்று வயதில் குச்சி குதிரையாகும். நான்கில் 'நீ நோயாளி, நான் டாக்டர்' என்று கதையும் விதிகளும் சேரும். குச்சி குதிரையைக் குறிப்பதும், ஒரு சொல் ஒரு பொருளைக் குறிப்பதும் நெருங்கிய திறன்கள். ஆகவே பேச்சு வளர்ச்சியும் பாவனை விளையாட்டும் பெரும்பாலும் கைகோத்தே செல்கின்றன.

இதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை. செப்புச் சாமான், அட்டைப் பெட்டி, பழைய சேலை ஆகியவை போதும். பொத்தானை அழுத்தினால் தானே பாடி ஆடும் பொம்மை, குழந்தையைப் பார்வையாளராக்கிவிடுகிறது. கைபேசித் திரையும் அவ்வாறே. இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அளித்த பரிந்துரை.

பெரியவர்கள் விளையாட்டில் சேரலாம்; தலைமை ஏற்கலாகாது. மண்சோறு பரிமாறும் குழந்தையிடம் 'இத்தட்டு என்ன நிறம்? எத்தனை இட்லி?' என்று கேட்டால் விளையாட்டு தேர்வாகிவிடும். படித்த பெற்றோரிடம் இப்பழக்கம் சற்று மிகுதி. மருத்துவர்களாகிய நாங்களும் வீட்டில் இத்தவற்றைச் செய்தவர்களே.

எங்கள் பிரிவில் ஊசி மருந்துக்காகச் சேர்க்கப்பட்ட நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை வாங்கித் தன் துணி யானைக்குக் குத்தினாள். "நீ சேட்டை பண்ணினே, அதான் ஊசி" என்றாள். தனக்கு அளிக்கப்படும் சிகிச்சையை அவள் தண்டனை என்றே எண்ணியிருந்தாள். நாங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் இதைச் சொல்லவில்லை. மறுநாள் நாங்களும் யானையைப் பரிசோதித்து, "நெஞ்சில் சளி இருக்கிறது, அதனால்தான் மருந்து, யானை ஒரு தவறும் செய்யவில்லை" என்றோம். அவள் நெடுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார்' என்று அச்சுறுத்தும் வழக்கத்தைப் பெற்றோர் கைவிட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இல்லாத நண்பனோடு பேசும் குழந்தையைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது இயல்பே. மாறாக, இரண்டு வயதாகியும் பாவனை விளையாட்டு இன்றி, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், விரும்பியதை விரலால் சுட்டிக்காட்டாமல் இருக்கும் குழந்தையை 'வளர்ந்தால் சரியாகும்' என்று காத்திராது அழைத்து வாருங்கள். ஓர் அறிகுறியை மட்டும் கொண்டு எதையும் முடிவுசெய்ய இயலாது; எனினும் முன்கூட்டியே தொடங்கும் பயிற்சியால் பயனுண்டு.

மூன்று வயதுக்குட்பட்டோர் கையில் மணி, புளியங்கொட்டை, வேர்க்கடலை போன்றவற்றைக் கொடுக்கலாகாது. பொம்மைகளில் உள்ள பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். ஐயம் எழுந்தாலே அவசரப் பிரிவுக்கு விரையுங்கள்.

குழந்தையை உள்நோயாளியாகச் சேர்க்க வரும்போது, அது அணைத்து உறங்கும் பொம்மையையும் எடுத்து வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, துவைத்திருந்தால் போதும்.