ஸ்பேக்னம் மீது காற்று மாசடைதலின் விளைவுகள்

ஸ்பேக்னம் என்பது குளிர்ப்பகுதிச் சதுப்பு நிலங்களில் வளரும், பிரையோஃபைட்டு பிரிவைச் சேர்ந்த பாசிப் பேரினம் ஆகும். முழுதும் மட்காத இதன் எச்சங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து, பீட் எனப்படும் கரிம மண்ணாகின்றன. நிலக்கரிப் புகை இத்தாவரத்தை அழிக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் தென் பென்னைன் மலைகள் சான்றாகும்.

தாக்கும் முறை

ஸ்பேக்னத்துக்கு வேர்கள் இல்லை. இலைகள் ஒரு செல் தடிப்பு மட்டுமே உடையவை. அவற்றின் மேல் மெழுகுப் படலமும் இல்லை. மழைநீரையும் அதிலுள்ள ஊட்டச்சத்துகளையும் இது உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. எனவே மழையில் கரைந்த நச்சுப் பொருட்களும் தடையின்றி உட்புகுகின்றன. நிலக்கரி எரியும்போது வெளிப்படும் கந்தக டைஆக்சைடு நீரில் கரைந்து பைசல்பைட்டு அயனிகளைத் தருகிறது. இவை ஒளிச்சேர்க்கையைக் குறைப்பதால் வளர்ச்சி தடைப்படுகிறது. 1978ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஸ்பேக்னம் ரிகர்வம் என்னும் இனம் கந்தக மாசை மற்ற இனங்களைவிட அதிகம் தாங்குவதைக் காட்டியது.

தென் பென்னைன் மலைகள்

இம்மலைகள் மான்செஸ்டர், செஃபீல்டு முதலிய தொழில் நகரங்களுக்கு அருகில் உள்ளன. பீட்டின் கீழடுக்குகளில் ஸ்பேக்னம் எச்சங்கள் மிகுதி. தொழிற்புரட்சிக்காலப் புகைக்கரி படிந்த மேலடுக்குகளில் அவை அரிது. ஸ்பேக்னம் மறைந்ததுடன் தீயும் மேய்ச்சலும் சேர்ந்ததால் பீட் அரிக்கப்பட்டு, அதில் தேங்கியிருந்த கார்பன் வெளியேறுகிறது.

தற்போதைய நிலை

1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு பிரித்தானியாவில் நிலக்கரிப் புகை படிப்படியாகக் குறைந்தது. அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024இல் மூடப்பட்டது. இன்று எஞ்சியுள்ள முக்கிய மாசு, வாகனங்களும் வேளாண்மையும் வெளியிடும் நைட்ரஜன் சேர்மங்களே ஆகும். இவை மிகுந்தால் ஸ்பேக்னத்தின் வளர்ச்சி குன்றும். புற்கள் செழித்து அதன் மீது நிழல் பரப்பும். காற்று தூய்மையானாலும் இழந்த பாசி தானாக விரைவில் திரும்புவதில்லை. ஆகவே இம்மலைகளில் அது மீண்டும் நடப்பட்டு வருகிறது.