சோளத்தட்டை எந்தப் பருவத்தில் அறுப்பது? சந்தேகங்களும் விளக்கங்களும்

புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிப் பல்லடம், காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விதைக்கும் சோளம்தான் கோடையில் மாடுகளைக் காப்பாற்றுகிறது. விதைக்கும் உழவுக்கும் கணக்குப் பார்க்கும் நாம், அறுக்கும் நாளை மட்டும் ஆள் கிடைப்பதைப் பொறுத்து விட்டுவிடுகிறோம். தீவனத்தின் தரம் பெரும்பாலும் அந்த நாளில்தான் முடிவாகிறது. விவசாயிகள் அடிக்கடி கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

முற்றவிட்டு அறுத்தால் எடை கூடுகிறதே, அதில் என்ன நட்டம்?

எடை கூடுவது உண்மைதான். ஆனால் கூடுவதில் பெரும்பகுதி தண்டின் நார். இளம்பயிரின் உலர் எடையில் 12 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும் புரதம், பாதிப் பூப் பருவத்தில் 7, 8 சதவீதமாகக் குறைகிறது. மணி முற்றி, கதிர் கொய்த தட்டில் 3, 4 சதவீதம்தான் மிஞ்சும். பூத்த நேரத்தில் அறுத்த தட்டை உலர் எடைக் கணக்கில் 5 கிலோ தின்றால் மாட்டுக்குச் சுமார் 400 கிராம் புரதம் சேரும். முற்றிய தட்டில் அதே 5 கிலோ தந்தாலும் 200 கிராமைத் தாண்டாது.

தண்டு முற்ற முற்ற அதில் லிக்னின் என்ற கடினப் பொருள் படிகிறது. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களால் அதை உடைக்க முடியாது. அது நாரையும் பற்றிக்கொண்டிருப்பதால், செரிக்க வேண்டிய நாரும் செரிக்காமல் வெளியேறுகிறது. செரிமானம் தாமதமானால் வயிறு காலியாகாது; மாடு குறைவாகவே தின்னும். காலையில் தீவனத் தொட்டியைப் பாருங்கள். தோகையைத் தின்றுவிட்டு அடித்தண்டை ஒதுக்கியிருந்தால், அறுப்பு பிந்திவிட்டது என்று பொருள்.

அப்படியானால் சின்னப் பயிராகவே வெட்டிப் போடலாமா?

கூடவே கூடாது. இளம் சோளத்தில் டுரின் என்ற பொருள் மிகுதி. மாடு மென்று விழுங்கியதும் அது ஹைட்ரோசயனிக் அமிலமாக, அதாவது சயனைடு நஞ்சாக மாறுகிறது. ஆடு, மாடுகளின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் இந்த மாற்றத்தை வேகப்படுத்துகின்றன. பசியோடு இருக்கும் மாடு நிறையத் தின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே மூச்சிரைத்து, தள்ளாடி விழலாம். சற்றும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசியாகப் போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.

முழங்கால் உயரப் பயிர், மழையின்றி வாடிய பயிர், வாடிய பின் பெய்த மழையில் துளிர்த்த பயிர், அறுத்த கட்டையில் முளைக்கும் புதுத் துளிர் ஆகியவற்றில் மாட்டை மேய விடாதீர்கள். பயிர் வளர வளர நஞ்சு குறையும். வாட்டமில்லாமல் வளர்ந்து பூத்த பயிரில் ஆபத்து மிகக் குறைவு. வெயிலில் நன்றாகக் காய்ந்தாலும் நஞ்சு பெருமளவு வெளியேறிவிடும்.

காய்ந்துவிட்டால் எல்லா நஞ்சும் போய்விடுமா?

சயனைடுக்குத்தான் அது பொருந்தும். யூரியாவை அள்ளிப் போட்டு, பிறகு வறட்சியும் சேர்ந்தால் தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட் தேங்கும். அது காய்ந்தாலும் போகாது. வறட்சியில் நின்ற பயிரை அடியில் ஒரு சாண் விட்டு அறுப்பதும், வேறு தீவனத்தோடு கலந்து தருவதும் நல்லது.

பாதிப் பூ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சோளக் கதிர் நுனியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பூக்கும். மகரந்தப் பைகள் தொங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காட்டில் பாதிப் பயிர்களில் பூப்பு கதிரின் நடுவரை இறங்கியிருந்தால் அதுவே பருவம். புரதம், செரிமானம், விளைச்சல் மூன்றும் ஓரளவு ஒத்துவரும் நேரம் அது. காயவைத்துப் போர் போடுவதற்கும் இந்தப் பருவமே ஏற்றது. தண்டு மொத்தமாக இருந்தால் காய நாளாகும். உள்ளே ஈரம் இருக்கப் போரில் அடுக்கினால் பூசணம் பிடிக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.எஃப்.எஸ். 29 போன்ற மறுதாம்பு ரகத்தை விதைத்த 65, 70 நாளில் முதல் முறையும், பிறகு 50 நாளுக்கு ஒரு முறையும் அறுக்கலாம்.

சைலேஜ் போடவும் அதே பருவம்தானா?

மணி பிடிக்கும் ரகமாக இருந்தால் இல்லை. பூக்கும் பருவத்தில் தண்ணீர் அதிகம். குழியில் சாறு வடிந்து சத்து வீணாகும். மணியை நகத்தால் நசுக்கினால் பால் வராமல் மாவாகப் பிசைபடும் பருவம்வரை பொறுங்கள். அப்போது உலர் எடை 30 முதல் 35 சதவீதத்தை எட்டும். தண்டின் செரிமானம் குறைந்திருந்தாலும், மணியில் சேர்ந்த மாவுச்சத்து அதை ஈடுகட்டும். நறுக்கிய தட்டைக் கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நீர் சொட்டினால் இன்னும் காத்திருக்கலாம். உருண்டை மெல்ல விரிந்தால் சரியான பதம். அதையும் தாண்டி மணி கெட்டியாகிவிட்டால், முழு மணியாகவே சாணத்தில் வெளிவரும்.

மணிக்காகப் போட்ட சோளத்தின் தட்டை என்ன செய்வது?

மணியின் அடியில் கரும்புள்ளி தெரிந்தால் அதற்குமேல் மணி எடை ஏறாது. பறவைக்கும் மழைக்கும் கொடுக்காமல் கதிரைக் கொய்யுங்கள். கையோடு தட்டையும் அறுத்துவிடுங்கள். காட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் தோகை உதிரும். இருப்பதில் சத்துள்ள பகுதி அதுதான்.

மொத்தத் தீவனத்தில் 7 சதவீதமாவது புரதம் இல்லாவிட்டால் வயிற்று நுண்ணுயிர்கள் சரியாக வேலை செய்யாது. ஆகவே இந்தத் தட்டை மட்டும் போடாமல் தட்டைப்பயறுக் கொடி, வேலிமசால், அகத்தி என ஏதாவது ஒன்றைச் சேருங்கள். தட்டை நறுக்கியே போடுங்கள். தாது உப்புக் கலவையும் தவறக் கூடாது. மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிக்குப் புண்ணாக்குச் செலவே பெரிய சுமை. உரிய பருவத்தில் அறுப்பவருக்கு, வேறெதற்கும் கூடுதலாகக் காசு போடாமலே அந்தச் சுமை குறையும்.