காலை ஒன்பது மணிக் கணக்கு

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கான ஓராண்டு நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் கேள்வி ஒன்றே: எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றி வர்ச்சுவல் டெஸ்க்டாப்பாக ஓட்டலாம் என்கிறார்களே, எத்தனை டெராபைட் வாங்குவது?

டெராபைட்டில் கேட்பது விற்பவருக்குத்தான் வசதி. ஒரே பிளாஸ்டர் அச்சில் பொம்மைகளை வார்ப்பதுபோல, ஆயிரம் டெஸ்க்டாப் என்றாலும் ஒரே மூலப் பிரதி போதும். அவரவர் மாற்றியது மட்டும் தனியே சேரும். ஆளுக்கு 40 ஜிபி வீதம் 40 டெராபைட் என்ற கணக்கு ஐந்தாறு டெராபைட்டில் அடங்கிவிடும். விற்பனைத் தாளில் கொட்டை எழுத்தில் இருப்பது இந்தச் சிக்கனம்தான்.

தாளில் இல்லாதது காலை ஒன்பது மணி. ஆயிரம் பேரும் அந்த ஒரே பிரதியை ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். இதற்குப் பெயர் பூட் ஸ்டார்ம். கேஷ் நினைவகம் போட்டு இதைச் சமாளித்துவிடலாம். வில்லங்கம் அதற்குப் பிறகு: ஓடத் தொடங்கிய டெஸ்க்டாப் வாசிப்பதைவிட எழுதுவதே அதிகம், ஐந்தில் நான்கு பங்கு வரை.

ஆளுக்கு நொடிக்கு 10 செயல் (வாசிப்போ எழுத்தோ) என்று வைத்தால் மொத்தம் 10,000. அதில் எழுதுவது 8,000. பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு 5 அமைப்பில் ஒருமுறை எழுத நான்கு செயல் வேண்டும்: பழைய தரவை வாசி, பழைய பாரிட்டியை (டிஸ்க் பழுதானால் மீட்க உதவும் தரவை) வாசி, புதிய தரவை எழுது, புதிய பாரிட்டியை எழுது. 8,000 இப்படி 32,000 ஆகிறது. வாசிப்பையும் கூட்டினால் 34,000. நிமிடத்துக்கு 15,000 சுற்று சுழலும் டிஸ்க்கே நொடிக்குச் சுமார் 180 செயல்தான் தாங்கும். ஆக 190 டிஸ்க்! இடத்துக்காக மட்டும் என்றால் 600 ஜிபி டிஸ்க் பத்துப் பன்னிரண்டு போதும். ரெய்டு 10-இல் எழுத இரண்டே செயல்; அதனால் 100 டிஸ்க்.

எஸ்எஸ்டி இந்தக் கணக்கைக் கவிழ்த்தது உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் வரும் லட்சக்கணக்கான ஐஓபிஎஸ் (நொடிக்கான செயல்கள்), பெரும்பாலும் 4 கேபி துண்டுகளை வெறுமனே வாசித்து எடுத்த எண். எண்பது சதவீதம் எழுதும்போது எவ்வளவு வரும் என்று எழுத்துமூலம் கேளுங்கள்.

எத்தனை பேருக்கு வாங்குவது? லாகின் பதிவேட்டைப் பாருங்கள், அறிவிப்புகளை அல்ல: 2025-க்குள் 75 சதவீதம் பேர் வீட்டிலிருந்தே வேலை என்று 2020-இல் அறிவித்த டிசிஎஸ், 2023 அக்டோபரில் ஊழியர்களை அலுவலகத்துக்கே திரும்ப அழைத்தது.

வர்ச்சுவல் டெஸ்க்டாப் மென்பொருளான விஎம்வேர் ஹொரைசான்? 2024-இல் கைமாறி இப்போது ஆம்னிசா. பழைய விலைப்பட்டியலை நம்ப வேண்டாம்.

பழைய கணினிப் பெட்டி? லினக்ஸ் ஏற்றி, சர்வருக்குள் நுழைய மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பத்துக் கணினி வைத்திருக்கும் சூளைக்கு? வர்ச்சுவல் டெஸ்க்டாப் வேண்டவே வேண்டாம்.

மின்வெட்டில் சர்வர் அறை படுத்து எழுந்தால்? மீண்டும் பூட் ஸ்டார்ம்தான். டெஸ்க்டாப்புகளைத் தொகுதி தொகுதியாக எழுப்பும் வசதி உண்டா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.