தாய் முகம் பார்க்காத குஞ்சுகள்! ஊரூர் குப்பத்து மணலில் அந்தி நேர அதிசயம்

சென்னை அடையாறு ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, மணலை ஒட்டி இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். பங்குனி மாசம் வந்துவிட்டால், குப்பத்தை ஒட்டிய பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலம் ஒரு கூட்டம் கூடும்.

சுண்டல் வாங்க வந்த கூட்டம் அல்ல. காற்று வாங்க வந்த கூட்டமும் அல்ல.

மணலில் வேலி அடைத்திருக்கிறார்கள். உள்ளே வரிசையாகக் கூடைகள் கவிழ்த்துக் கிடக்கின்றன. வேலியைச் சுற்றிக் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் நிற்கிறார்கள். யாரும் சத்தம் போடுவதில்லை. எல்லார் கண்ணும் கூடைகள் மேல்!

ஒரு கூடைக்கு அடியில் மணல் லேசாக உள்ளே இறங்குகிறது. குழிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு மூக்கு நீட்டுகிறது. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, மிதித்து, புரண்டு, சாரி சாரியாகக் கிளம்பி வருகின்றன ஆமைக் குஞ்சுகள். ஒவ்வொன்றும் ஒண்ணரை அங்குலம் இருந்தால் அதிகம்!

"இதுங்க அம்மா எங்கே?" என்று கேட்காத குழந்தை கிடையாது.

வல்லூறு வளர்க்கும், ஆமை வளர்க்காது

பறவைக் கூடு பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிராகத்தான் இருக்கும். காக்கை அடைகாக்கிறது. பொல்லாத வல்லூறுகூடத் தன் குஞ்சுக்கு இறைச்சியைக் கிழித்துக் கிழித்து ஊட்டுகிறது. இறகு முளைத்துப் பறக்கப் பழகும் வரை தாயும் தகப்பனும் கூட்டை விட்டு அதிக தூரம் போவதில்லை.

ஆமையிடம் அந்தக் கதையே இல்லை. முட்டையிட்ட ராத்திரியே தாய் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. குஞ்சின் முகத்தை அது ஒருநாளும் பார்ப்பதில்லை. எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது!

இதற்குப் பெயர் பங்குனி ஆமை. வெளிநாட்டார் 'ஆலிவ் ரிட்லி' என்று சொல்வார்கள். சென்னைக் கரைக்கு இது வருவது தை, மாசி, பங்குனி மாதங்களில். ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கில் ஏறி முட்டையிடுவதும் இதே ஜாதிதான். இங்கே அந்தத் திருவிழா இல்லை. ஒண்டியாக வரும், ஒண்டியாகப் போகும்.

நடுராத்திரி பிரசவம்

அலை அடங்கிய நேரமாகப் பார்த்து, கனத்த உடம்பை இழுத்துக்கொண்டு மணலில் ஏறுகிறது தாய் ஆமை. டிராக்டர் சக்கரம் ஓடியதுபோல் பின்னால் தடம் விழுகிறது. தண்ணீர் எட்டாத மேட்டில், பின்னங்கால்களால் ஒண்ணரை அடி ஆழத்துக்குக் குழி பறிக்கிறது. கழுத்து குறுகி அடி அகன்று, கூஜா மாதிரி இருக்கும் அந்தக் குழி. கண்ணால் பார்க்காமல், பின்காலாலேயே துழாவி இப்படிப் பறிப்பதற்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததோ!

பிறகு முட்டை விழுகிறது. பிங்பாங் பந்து போல வெள்ளை வெளேரென்று, நூறுக்கு மேல். ஓடு கோழிமுட்டை மாதிரி கெட்டி அல்ல, தோல் போலத் துவளும். இட்டு முடித்ததும் மணலைத் தள்ளி மூடி, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 'தொப், தொப்' என்று அடித்துக் கெட்டிப்படுத்துகிறது. அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் கடலில் இறங்கிவிடும்.

அடைகாப்பது யார்? மணல்தான்! சுமார் 45 முதல் 60 நாள் வரை வெயிலின் சூடுதான் முட்டையைப் பொரிக்கிறது. வேடிக்கை இதோடு நிற்கவில்லை. மணலின் சூடு சுமார் 30 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் அதிகம். குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதே வெயில்தான்! பூமி சூடேறிக்கொண்டே போனால், ஒருகாலத்தில் மாப்பிள்ளை கிடைக்காமல் போய்விடுமே என்று விஞ்ஞானிகள் கவலைப்படுகிறார்கள்.

செவிலித்தாய் வாலிபர்கள்

தாய் போட்டுவிட்டுப் போன முட்டையை அப்படியே விட்டால் என்ன? விட முடியாது. நாய் தோண்டித் தின்றுவிடும். ஒருகாலத்தில் மனுஷனே தோண்டித் தின்றான், விற்றான். இன்று 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த ஆமையைத் தொட்டாலும் குற்றம், முட்டையைத் தொட்டாலும் குற்றம்.

1970-களின் தொடக்கத்திலேயே சென்னைப் பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் ராத்திரியில் கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடினார்கள். அதில் சேர்ந்த ஐ.ஐ.டி. மாணவர் சதீஷ் பாஸ்கர், படிப்பை விட்டுவிட்டு இந்தியாவின் கரைகளையெல்லாம் ஆமைக்காகவே நடந்து அளந்தார். 2023-ல் காலமானார். 1988-ல் மாணவர்கள் தாங்களே ஓர் அமைப்பு தொடங்கினார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் நடை. பருவம் முடியும் வரை ராத்திரி ராத்திரியாக நடக்கிறார்கள். வனத்துறையும் தன் பங்குக்குப் பொரிப்பகங்கள் வைத்து நடத்துகிறது.

டார்ச் அடிக்காமல் நடக்க வேண்டும். தடம் தெரிந்தால் நின்று, குச்சியால் மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். மணல் எங்கே 'பொசுக்' என்று உள்வாங்குகிறதோ அங்கே முட்டை. ஒவ்வொன்றாக எடுத்து, கூட்டின் மணலோடு துணிப்பையில் போட்டு, சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்தில் புதைத்தாக வேண்டும். தாமதித்து உருட்டினால் கரு செத்துவிடும். தாய் பறித்த அதே ஆழம், அதே கூஜா வடிவம். இதைக் கையால் பறித்துப் பார்த்தால்தான் ஆமையின் அருமை தெரியும்!

விளக்கே வினை

குஞ்சு முட்டையை உடைத்தவுடன் மேலே வந்துவிடுவதில்லை. எல்லாம் சேர்ந்து மணலைத் தள்ளித் தள்ளி ஏறுவதற்குச் சில நாள் பிடிக்கும். மேல் மணல் சுட்டால் பகல் என்று அறிந்து அடங்கிக் கிடக்கும். குளிர்ந்தால் கிளம்பும்.

வெளியே வந்ததும் வெளிச்சம் இருக்கும் திசையில் ஓடுவது அதன் பிறவிக் குணம். ஆள் இல்லாத கரையில் ராத்திரி வெளிச்சம் என்றால் அது கடல்தான். பெசன்ட் நகரிலோ கடலைவிட ரோடு வெளிச்சம்! குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவுக்குப் போகிறது. நாயும் காக்கையும் நண்டும் காத்திருக்கின்றன. பருவகாலத்தில் ராத்திரி கரையோர விளக்குகளை அணையுங்கள் என்று வருஷா வருஷம் கேட்கிறார்கள்.

அதனால்தான் குஞ்சு விடும்போது ஒருவர் அலையில் கால் நனைய நின்று டார்ச் விளக்கைப் பிடிக்கிறார். அந்த வெளிச்சத்தைக் குறிவைத்துக் குஞ்சுகள் ஊர்கின்றன. ஜனங்கள் கயிற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடக்கூடாதா? கூடாது. தானே நடந்துதான் போக வேண்டும்.

கரை ஒதுங்கிய பிணங்கள்

இத்தனை காவலும் கரையோடு சரி. 2025 ஜனவரியில் சென்னையைச் சுற்றியுள்ள கடற்கரைகளில் செத்த ஆமைகள் ஒதுங்கத் தொடங்கின. மாதம் முடிவதற்குள் கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது. முட்டையிட வந்த பெரிய ஆமைகள்! பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது.

ஆமை கடலில் வாழ்ந்தாலும் மீன் அல்ல. மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலை அடியோடு வாரிக்கொண்டு மணிக்கணக்கில் போகும்போது, உள்ளே மாட்டிய ஆமை மூச்சு முட்டிச் சாகிறது. கரையோரக் கடலில் இழுவலை கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை தப்பிப்பதற்கு வலையில் கம்பிச் சட்டம் பொருத்தும் வழியும் இருக்கிறது. அந்தத் திறப்பு வழியாக மீனும் போய்விடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். குப்பத்துச் சின்ன ஃபைபர் படகுக்காரருக்கோ வேறு கவலை: பெரிய படகு கரையோரம் வந்து வாரினால் அவர் வலைக்கும் மீன் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஆமையும் அவரும் ஒரே கட்சி.

ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிசானால் அதிர்ஷ்டம் என்பார்கள். அந்த ஒன்று முட்டையிடும் வயசுக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம். வலையில் செத்தவை ஒவ்வொன்றும் அந்த ஒன்று!

மணலில் இப்போது இருட்டிவிட்டது. கடைசிக் குஞ்சு கொஞ்சம் நோஞ்சான். ஒரு மனிதக் காலடித் தடத்துக்குள் விழுந்து, ஏறமுடியாமல் துடுப்பை அடிக்கிறது. ஒரு பெண் குழந்தை கையை நீட்டுகிறது. அப்பா பிடித்து இழுக்கிறார். நாலாவது முயற்சியில் ஏறிவிட்டது. அலை வந்தது. இரண்டு தடவை கரைக்குத் தள்ளியது. மூன்றாவது அலை போனபோது மணலில் ஒன்றும் இல்லை.

டார்ச் அணைந்தது. கூட்டம் கலைந்தது. வாலிபர்கள் மட்டும் திரும்பி வந்து காலிக் கூட்டைத் தோண்டி, ஓடுகளை எண்ணி, பொரிக்காத முட்டைகளைத் தனியே வைத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கூடையில் மணல் லேசாக உள்வாங்கியிருக்கிறது.