ராஜகிரி ஏறியாச்சு, சார்ஜ் ஏறல!

சர்வே கேம்ப் வந்தாலே சிவில் மக்களுக்கு டோட்டல் ஸ்டேஷன், டம்பி லெவல், ஸ்டாஃப் பத்தித்தான் கவலை. கையில தூக்கிட்டுப் போற குட்டி ஜி.பி.எஸ். கருவியை யாரும் கண்டுக்கறதில்லை. ஆனா அன்னைக்கு வேலையைக் கவுத்துவிடறது அந்தக் குட்டிதான். நான் ஈ.ஈ.ஈ. அதனால கேம்புக்கு முந்தின நாள் ராத்திரி சிவில் நண்பர்கள் சார்ஜ் ஏறாத கருவியோட என் ரூம் கதவைத் தட்டுறது வழக்கம். இந்த வருஷத்தோட நான் கிளம்பிடுவேன். அடுத்த பேட்ச் யார் கதவைத் தட்டும்னு தெரியல, அதான் இந்தக் கட்டுரை.

செஞ்சியை உதாரணமா எடுத்துக்கறேன். திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற ரோட்டுல, பெரிய பெரிய பாறைகளைக் கொட்டி வெச்ச மாதிரி மூணு மலை: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள்னு 12 இடங்களைச் சேர்த்தாங்க இல்லையா, அதில் தமிழ்நாட்டுக்கோட்டை இது ஒண்ணுதான். ராஜகிரி உச்சி சுமார் 800 அடி உயரம். தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிற இடம், அனுமதி வாங்கின நாளில்தான் அளக்க முடியும். மேல ஏறின பிறகு கருவி செத்துடுச்சுன்னா சொருக ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது. இறங்கி வந்து, சார்ஜ் போட்டு, மறுபடி ஏறறதுக்குள்ள கோட்டையை மூடிடுவாங்க. அந்த நாளோட ரீடிங் போச்சு, ரெக்கார்டு நோட்டும் காலி.

சரி, விஷயத்துக்கு வருவோம். கருவி சார்ஜ் ஆகலன்னா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி: இது சார்ஜ் ஆகக்கூடிய கருவியா? சிரிக்காதீங்க. நிறைய காலேஜ் லேப்ல இருக்கிற கார்மின் ஈட்ரெக்ஸ் 10, 20, 30 மாடல்கள் ரெண்டு ஏஏ செல்லில் ஓடுறவை. பின்னாடி ரப்பர் மூடிக்குள்ள மினி யூ.எஸ்.பி. துளை இருக்கும். அதில் கேபிள் சொருகினா கருவி ஆன் ஆகும், டேட்டா போகும், ஆனா உள்ள இருக்கிற செல்லுக்கு ஒரு மில்லி ஆம்பியர் கூடப் போகாது. ராத்திரி முழுக்கச் சொருகி வெச்சாலும் அதே கதைதான். சார்ஜ் ஆகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டிருந்தா, அதை வெளியே எடுத்து அதுக்கான சார்ஜரில்தான் போடணும். கருவியோட மெனுவில் பேட்டரி வகைன்னு ஒரு செட்டிங் இருக்கும், அதையும் மாத்திடுங்க. ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட். செட்டிங் ஆல்கலைன்லயே இருந்தா, நல்லா சார்ஜ் ஆன செல்லையும் கருவி "தீரப்போகுது"ன்னு காட்டும்.

அவசரத்துக்குச் செஞ்சி கடைத்தெருவில் ஏஏ செல் வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற மலிவான செல் பெரும்பாலும் ஜிங்க் கார்பன் வகை. கடிகாரத்துக்குச் சொட்டு கரண்ட் போதும், ஜி.பி.எஸ்.ஸுக்கு அது பத்தாது. "ஹெவி டியூட்டி"ன்னு பெரிசா எழுதியிருப்பதும் அந்த வகையில்தான் வரும், பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஆல்கலைன்னு எழுதியிருக்கான்னு படிச்சு வாங்குங்க.

இனி உள்ளேயே லித்தியம் அயான் பேட்டரி இருக்கிற கருவிகள். இங்க முதல் சந்தேகம் பேட்டரி மேல வரக்கூடாது, கேபிள் மேல வரணும். மெல்லிசான ஒரு மலிவு கேபிளில் 28 கேஜ் கம்பி இருக்குன்னு வைங்க. ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக 0.42 ஓம். 1 ஆம்பியர் ஓடினா 0.42 வோல்ட் கேபிள்லயே காலி. 2 ஆம்பியர்னா 0.84. அடாப்டரில் 5 வோல்ட் புறப்பட்டு, கருவிக்கு 4.16தான் போய்ச் சேரும். லித்தியம் செல் நிறைய 4.2 வோல்ட் வேணும், அப்புறம் எப்படி நிறையும்? முதல் செமஸ்டரில் படிச்ச ஓம் விதி தாங்க, வேற ஒண்ணும் இல்ல. குட்டையான, தடியான கேபிள் எடுங்க.

கேபிளில் இன்னொரு வில்லங்கம், டேட்டா கம்பிகள். அடாப்டர்களில் அந்த ரெண்டு கம்பியையும் ஒண்ணா இணைச்சிருப்பாங்க, அதைப் பார்த்துத்தான் கருவி "இது சார்ஜர், தாராளமா இழுக்கலாம்"னு முடிவு பண்ணும். கம்பி உள்ளே அறுந்திருந்தா பயந்து பயந்து கொஞ்சமா இழுக்கும். லேப்டாப்போட சாதாரண யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டும் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். 3000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு அதுவே 6 மணி நேரத்துக்கு மேல. திரையும் ஜி.பி.எஸ்.ஸும் ஆன்லயே இருந்து 300 மில்லி ஆம்பியர் தின்னா, பேட்டரிக்கு மிஞ்சறது 200. ஓட்டைப் பானையில் தண்ணி ஊத்தற கதை. ஆஃப் பண்ணிட்டு சார்ஜ் போடுங்க.

டைப் சி துளை இருக்கிற சில கருவிகள் ரெண்டு பக்கமும் டைப் சி இருக்கிற கேபிளில் உயிரே காட்டாது, பழைய அகலமான முனை இருக்கிற கேபிள்ல போட்டா உடனே சார்ஜ் ஆகும். கருவிக்குள்ள 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு வைக்க வேண்டிய இடத்தில் வைக்காம விட்டிருப்பாங்க, அது இல்லாம டைப் சி சார்ஜர் மின்சாரத்தைத் திறந்து விடாது. கருவி கெட்டுப்போகல, பழைய கேபிளைப் பத்திரமா வெச்சுக்கோங்க. பவர் பேங்கும் இதே மாதிரி ஒரு குணம் உள்ளது. இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைஞ்சா "போன் நிறைஞ்சிடுச்சு"ன்னு நெனச்சு தானா அணைஞ்சிடும். சில பவர் பேங்கில் பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா குறைந்த கரண்ட் மோடுக்குப் போகும்.

இப்போ செஞ்சிக்கே உரிய பிரச்சினை, சூடு. ஏப்ரல், மே மாசத்தில் அந்தக் கருங்கல் பாறை மேல மத்தியானம் கை வைக்க முடியாது. அதில் கறுப்பு பிளாஸ்டிக் கருவியை வெச்சுட்டு, பவர் பேங்கைச் சொருகிட்டு, நிழல்ல உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டு வந்து பார்த்தா ஒரு சதவீதம் கூட ஏறியிருக்காது. கருவி ஓடிட்டுத்தான் இருக்கும், சார்ஜ் மட்டும் ஏறாது. காரணம் இருக்கு. சாதாரண லித்தியம் அயான் செல் 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும் மின்சாரம் கொடுக்கலாம், ஆனா சார்ஜ் வாங்கிக்கறது 0 முதல் 45 டிகிரிக்குள்ளதான். அதைக் கண்காணிக்க பேட்டரியில் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். பொதுவா 25 டிகிரியில் 10 கிலோ ஓம், சூடு ஏற ஏறக் குறையும், 45 டிகிரியில் ஏறத்தாழ 5 கிலோ ஓம். அந்த அளவைப் பார்த்ததும் சார்ஜிங் சிப் கடையைச் சாத்திடும். இது பழுது இல்லை, பாதுகாப்பு. உறையைக் கழட்டி, அணைச்சு, கல்யாண மகால் நிழல்லயோ களஞ்சியத்துக்குள்ளயோ 20 நிமிஷம் காத்தாட வைங்க. தானா ஏற ஆரம்பிக்கும். ஐஸ் தண்ணி பாட்டில் மேல வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், உள்ளே ஈரம் வியர்க்கும்.

கழட்டி மாட்டுற பேட்டரியில் பிளஸ், மைனஸ் தவிர மூணாவதா ஒரு தகடு பார்த்திருப்பீங்க. பல மாடல்களில் அது இந்தத் தெர்மிஸ்டருக்கான வழிதான். அதில் வியர்வை உப்போ தூசியோ படிஞ்சு தொடர்பு விட்டுப்போனா, சிப்புக்கு ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாம தெரியும். "பேட்டரியே இல்லை, இல்லைன்னா பனியில உறைஞ்சு கிடக்கு"ன்னு முடிவு பண்ணி அப்பவும் மறுத்துடும். செஞ்சியில பனி! ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு, அது இல்லைன்னா சுத்தமான பென்சில் ரப்பர், தகட்டை லேசாத் துடைச்சா போதும். தெர்மிஸ்டருக்குப் பதிலா ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பத்த வெச்சு சிப்பை ஏமாத்தலாம்னு சில வீடியோ சொல்லும். செய்யாதீங்க. பேட்டரி கொதிச்சாலும் சிப்புக்கு எப்பவும் 25 டிகிரிதான் தெரியும், நிறுத்தவே நிறுத்தாது.

அடுத்தது, போன வருஷக் கேம்ப் முடிஞ்சதும் பீரோவில் வெச்சுப் பூட்டி, இந்த வருஷம் வெளியே எடுத்த கருவி. மல்டிமீட்டரில் பேட்டரி 0 வோல்ட் காட்டும். உடனே தூக்கிப் போடாதீங்க. செல் 2.5 வோல்ட் பக்கத்துக்கு இறங்கினதும் உள்ளே இருக்கிற பாதுகாப்புச் சர்க்யூட் கதவை மூடியிருக்கலாம். ஒழுங்கான சார்ஜர்ல அரை மணி நேரம் விடுங்க. முதல்ல சொட்டுச் சொட்டா கரண்ட் விட்டு, 3 வோல்ட் பக்கம் வந்த பிறகுதான் முழு வேகம் எடுக்கும். அரை மணிக்குப் பிறகும் அசையலன்னா விட்டுடுங்க. ரொம்ப நாள் வறண்டு கிடந்த செல்லுக்குள்ள செம்பு கரைஞ்சு, சார்ஜ் போடும்போது உள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. வேற பேட்டரியோட ஒயர் இழுத்து "ஜம்ப்" கொடுக்கறதெல்லாம் ஹாஸ்டல் ரூம்ல பண்ணக்கூடாத வேலை. பின்மூடி உப்பியிருந்தா சோதனையே வேண்டாம். அமுக்காதீங்க, குத்தாதீங்க, ஸ்டாஃப்கிட்ட சொல்லி மின்கழிவில் சேர்த்துடுங்க. லேப் கருவி, நம்ம காசு இல்லைன்னு சொல்லாம விட்டா, அடுத்த பேட்ச் பையன் தலையணைக்குப் பக்கத்துல வெச்சு சார்ஜ் போடுவான்.

பேட்டரியே இல்லாத காலத்துலயும் இந்தப் பாடு இருந்திருக்கு. 1802ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கின வில்லியம் லாம்டன், 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல தன்னோட தியோடலைட்டை ஏத்தினார். அரை டன் எடை. கயிறு அறுந்து கோயில் சுவரில் மோதி, வட்டத் தகடு நெளிஞ்சு போச்சு. மனுஷன் கூடாரத்துக்குள்ள ஆறு வாரம் உட்கார்ந்து கையாலேயே நிமிர்த்தினார். நமக்கு அனுமதி ஒரு நாள்தான், அதனால முந்தின ராத்திரியே பார்த்துடணும்.

அந்த ராத்திரி விஷயத்தில் ஒண்ணு. தங்கற இடத்தில் லைட்டும் பிளக்கும் ஒரே ஸ்விட்ச்ல இருக்கான்னு பாருங்க. கடைசியாப் படுக்கறவன் அணைச்சுட்டுத் தூங்கிடுவான், காலையில பத்து கருவியும் காலி. சார்ஜ் போட்டு பத்து நிமிஷம் கழிச்சு சதவீதம் ஏறுதான்னு பார்த்துட்டு அப்புறம் படுங்க. ஸ்பேர் பேட்டரியை ஜிப் வெச்ச பைக்குள்ள போடுங்க, பிளாஸ்டிக் கவர்ல தொங்கவிட்டா கோட்டைக் குரங்குங்க பிஸ்கட்னு நெனச்சுப் பிடுங்கிட்டுப் போயிடும். கேம்ப் முடிஞ்சதும் கருவியைப் பாதி சார்ஜ்ல, 40லிருந்து 60 சதவீதத்துக்குள்ள வெச்சு பீரோவில் வைங்க. ஏஏ செல் கருவின்னா செல்லைக் கழட்டிட்டு.