பத்து ரூபாயைக் குறைக்கக் கோரும் பிரேரணை

வரவு செலவுத் திட்டம் குழுநிலை விவாதத்துக்கு வந்ததும் இலங்கை நாடாளுமன்றத்தில் ஒரு விநோதமான கோரிக்கை எழும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, அமைச்சின் நிகழ்ச்சித்திட்டத்துக்கான ஒதுக்கீட்டில் பத்து ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று பிரேரிப்பார். பில்லியன் கணக்கில் பணம் போகிற இடத்தில் பத்து ரூபாய்க்கு என்ன மதிப்பு? கல்விக்குப் பணம் போதாது என்று முழங்கப்போகிறவரும் இந்தப் பத்து ரூபாயை வெட்டச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்.

காரணம் அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரை. அரச நிதியில் புதிய செலவைச் சுமத்தும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு அமைச்சர் ஒருவர் மட்டுமே கொண்டுவரலாம். மற்றவர்கள் குறைக்கச் சொல்லலாம். கூட்டச் சொல்ல முடியாது. ஆகவே நெடுந்தீவுக்கு ஒரு விஞ்ஞான ஆய்வுகூடம் வேண்டும் என்று யாழ்ப்பாண உறுப்பினர் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், அமைச்சர் மனம் வைக்காதவரை ஒதுக்கீட்டில் ஒரு சதமும் ஏறாது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. டொனமூர் அரசியலமைப்புக் காலத்து அரசாங்க சபையில் கல்விக்கென்று ஒரு நிர்வாகக் குழு இருந்தது. அதன் தலைவரே கல்வி அமைச்சர். குழுவில் இருந்த சாதாரண உறுப்பினர்களும் திணைக்களத்தின் செலவு மதிப்பீட்டில் கைவைத்தார்கள். அப்படிக் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது இந்த ஏற்பாட்டின் கீழ்தான். 1944இல் அவரது கல்விக் குழுவின் அறிக்கை சபையில் விவாதிக்கப்பட்டபோது சபாநாயகராக இருந்தவர் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி. வேலணையில் பிறந்தவர், ஊர்காவற்றுறைத் தொகுதியின் பிரதிநிதி, 1936 முதல் 1947 வரை சபாநாயகர். யாழ்ப்பாணத்துத் தீவுகளான தீவகத்தின் மக்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் பெயர்.

இன்று தீவகத்தின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணப் பாடசாலைகள். ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இன்னொரு வியப்பு. 2025ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தில் கல்வி அமைச்சுக்கு 271 பில்லியன் ரூபா. தொலைக்காட்சியில் எல்லோரும் சண்டை பிடித்தது இந்தத் தொகையைப் பற்றியே. ஆனால் புங்குடுதீவில் வேலை செய்யும் மாகாணப் பாடசாலை ஆசிரியரின் சம்பளம் அதற்குள் இல்லை; மாகாண சபைகளுக்கான ஒதுக்கீட்டில் இருக்கிறது. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி கொழும்பிலிருந்து மாகாணத்துக்கு வரும் கொடையில் பெரும் பங்கு சம்பளங்களுக்கே போய்விடும். கட்டடம், மலசலகூடம், தளபாடம் எல்லாம் அலுவலகங்களில் ‘பி.எஸ்.டி.ஜி.’ என்று சுருக்கிச் சொல்லும் அபிவிருத்திக் கொடை போன்றவற்றை நம்பியிருக்கின்றன. பணம் இறுகும் காலத்தில் முதலில் வெட்டு விழுவதும் இந்த மூலதனச் செலவில்தான்.

அந்தக் கொடையை யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களுக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் எப்படிப் பிரிப்பது என்று கேட்க ஒரு சபை இருந்தது. 2013 செப்டெம்பர் 21இல் நடந்த வட மாகாண சபைத் தேர்தலில் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சர், த. குருகுலராசாவும் பின்னர் க. சர்வேஸ்வரனும் கல்வி அமைச்சர்கள். கைதடியில் கூடிய அந்தச் சபையின் கைகளும் கட்டப்பட்டுத்தான் இருந்தன. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டப்படி, நிதி சார்ந்த நியதிச்சட்டம் எதையும் ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் கொண்டுவர முடியாது. மானியக் கோரிக்கையைச் சபை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். மறுபடியும் அந்தக் ‘குறைக்கலாம்’.

ஆனாலும் அங்கே கேள்வி கேட்க ஆள் இருந்தது. இந்தப் பாடசாலைக்கு ஏன் கணித ஆசிரியர் இல்லை, அந்தக் கட்டடம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கல்வி அமைச்சரை எழுப்பிக் கேட்கலாம். அவர் மழுப்பினாலும் மழுப்பியது பதிவாகும். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன் பின் மாகாணத்தின் பாதீட்டை ஆளுநர்தான் அங்கீகரிக்கிறார். அவர் சனாதிபதியால் நியமிக்கப்படுபவர். நல்லவரா கெட்டவரா என்பது வேறு விடயம். கணக்கு அலுவலகத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிறது.

தேர்தல் ஏன் நடக்கவில்லை? அதுவும் ஒரு குழுநிலைக் கதைதான். 2017 செப்டெம்பரில் பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டுக்காக வந்த ஒரு திருத்தச் சட்டமூலம் குழுநிலையில் உருமாறி, தேர்தல் முறையையே கலப்பு முறையாக மாற்றிவிட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் ஏகமனதாகத் தோற்கடித்தது. அதைச் சமர்ப்பித்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார். பழைய முறை போனது, புதிய முறை வரவில்லை. கல்வி அமைச்சின் பத்து ரூபாயைக்கூட வெட்டிப் பார்க்காத குழுநிலை, மாகாண சபைகளையே முடக்கிப்போட்டது.

தீவகத்துக்கு இது ஏன் கூடுதலாகச் சுடுகிறது? 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய, பாடசாலைகளுக்கான ‘தர உள்ளீட்டு’ நிதி, மாணவர் தொகையை முதன்மையாகக் கொண்டு பங்கிடப்படுகிறது. 1990இல் போர் தீவுகளுக்குள் வந்தபோது வெளியேறிய குடும்பங்களில் பல திரும்பவில்லை. வகுப்பில் பிள்ளைகள் குறைவு; அதனால் பணமும் குறைவு. ஆனால் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடலைத் தாண்டி நெடுந்தீவுக்குச் சீமெந்து ஏற்றும் படகுக் கூலி தலைக்கணக்குப் பார்ப்பதில்லை. ‘கஷ்டப் பிரதேசம்’ என்ற முத்திரையும் அதற்கான படியும் ஆசிரியருக்கு உண்டு. இடமாற்றக் காலம் வந்ததும் யாழ்ப்பாண நகரத்துக்கு விண்ணப்பம் போடுபவர்களை அவை தடுத்து நிறுத்திவிடவில்லை. தினமும் பேருந்தும் படகுமாக அலைபவரைக் குறை சொல்லவும் முடியாது.

சிறிய எண்ணிக்கையே சில வேளை அதிர்ஷ்டமாகவும் மாறும். 2025 கல்வியாண்டுக்குக் கற்றல் உபகரணங்கள் வாங்க 6,000 ரூபா வழங்கும் திட்டம் முதலில் ‘அஸ்வெசும’ நலன்புரி உதவி பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே இருந்தது. பின்னர் 300க்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலைகளுக்கும் அது நீட்டப்பட்டது. அப்படி நீட்டியது அமைச்சரவைத் தீர்மானம். விவாதம் எதுவும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு வரவு செலவுத் திட்டம் புலமைப்பரிசில் மாணவருக்கான மாதக் கொடுப்பனவை 750 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்கு உயர்த்தியது. இரண்டு உதவிகளுமே மேலிருந்து வந்தவை. நயினாதீவுப் பெற்றோர் ஒருவர் அடுத்த ஆண்டுக்கு வேறொன்றைக் கேட்க விரும்பினால், வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு வரலாம். மாகாணத்தில் அந்தக் கோரிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு அமைச்சரிடம் விளக்கம் கேட்க, அந்தப் பெற்றோர் வாக்களித்து அனுப்பிய எவரும் இப்போது இல்லை.